டிவிக்குள் உட்கார்ந்துவிட்டவர்கள்

மாரப்பன் காம்பவுண்டில் டிவிக்குள் இருப்பவர்கள் முதன்முதலாக உட்கார்ந்தது ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில், காற்று தகரக் கூரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வேலாத்தாள் வீட்டில். நாடகத்து மருமகள் வழக்கம்போல அழுவதற்காகத் தூணில் சாய்ந்தவள், அழாமல், தூணோடு சறுக்கிக்கொண்டே கீழே வந்து, தரையில் காலை நீட்டி, கால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்துக்கொண்டாள். அவளைத் திட்டுவதற்காக உள்ளே வந்த மாமியார் ஒரு நிமிடம் பார்த்தாள், கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள், முழங்காலைப் பிடித்தபடி அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு நாடகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

வேலாத்தாள் எழுந்துபோய் டிவியின் தலையில் உள்ளங்கையால் ஒன்று வைத்தாள். மருமகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏ துளசீ! இங்க வந்து பாரு. உன்ற டிவில ஒருத்தியும் வேலை செய்யமாட்டேங்கறா."

"கோடு விழுகுதுங்களாக்கா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து துளசிமணி கேட்டாள்.

"கோடும் இல்ல, புள்ளியும் இல்ல. படம் கண்ணாடியாட்டத் தெரியுது. சும்மா உட்காந்திருக்கறாளுக."

துளசிமணிதான் அந்த டிவியை ரிப்பேர் செய்தவள். அந்த டிவியை மட்டுமல்ல, காம்பவுண்டின் இரண்டு வரிசை லைன் வீடுகளிலும் இருந்த எல்லா டிவியையும். ஊரெல்லாம் சுவரில் மாட்டும் தட்டை டிவிக்கு மாறி, முதுகு புடைத்த பழைய டப்பா டிவிகளை எடைக்குப் போட ஆரம்பித்திருந்த காலம் அது. அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர், சுத்தியலுக்குப் போகுமுன் தேறும் என்று தோன்றியதை மொபட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு டிவி கம்பெனியில் ஈயம் பற்றவைக்கும் வரிசையில் இருந்த பழக்கத்தில் துளசிமணி அதைத் திறப்பாள், செத்த இரண்டிலிருந்து கழற்றி மூன்றாவதற்கு உயிர் கொடுப்பாள், வாங்குகிறவர்கள் கையில் என்ன இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்வாள், கையில் ஒன்றும் இல்லாதவர்களிடம் "எனக்குச் சேர்த்து ஒரு கட்டுப் பிசிறு வெட்டிக் குடுத்துருங்" என்பாள். காலையில் ஒரு மெஸ்ஸில் மாவு அரைத்துக் காய் நறுக்கிவிட்டு வந்து, பகலெல்லாம் பனியன் தையலில் தொங்கும் நூல் பிசிறு வெட்டி, பொழுது சாயும்போது அரிசியை உலையில் போட்டுவிட்டு, அது கொதித்து வருவதற்குள் பற்றவைக்க உட்காருவாள். களைப்பு என்பது அவளுக்கு வந்துபோகும் ஒன்றாக இல்லை. நிறத்தைப் போல, உயரத்தைப் போல அது அவளோடு இருந்தது. யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்றே சொல்வாள், பொய் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல்.

அன்றைக்கு அவள் வேலாத்தாள் வீட்டு டிவியின் முதுகைத் திறந்து பார்த்தாள். உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. திருகாணிகளை முடுக்கிவிட்டு முன்பக்கம் வந்தபோது மாமியார் தன் வளையல்களைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"வோல்ட்டேஜா இருக்குங்க்கா" என்று சொல்லிவிட்டுத் துளசிமணி தன் கட்டுக்குத் திரும்பிப் போனாள்.

ஆனால் காரணம் வோல்ட்டேஜ் இல்லை. மறுநாள் எதிர் வரிசையில் செய்தி வாசிக்கும் பெண் பாதிச் செய்தியில் நிறுத்தி, காதில் தொங்கிய கனமான தோடுகளைக் கழற்றி மேசைமேல் வைத்து, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த வீட்டில் கிரிக்கெட் ஆடியவர்கள் புல்லில் மல்லாந்து படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்கள், நடுவரும்தான். சோப்பு விளம்பரத்துப் பெண் துணிகளைப் பாதி நுரையில் ஊறப்போட்டுவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். உபதேசம் செய்யும் சாமியார் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பேசாமல், தன் பாதங்களைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கேபிள்காரன் வந்து, ஒயரைப் பிடுங்கித் தன் சின்னப் பெட்டியில் செருகிப் பார்த்து, தலையைச் சொறிந்தான்.

"லைன் பக்காவா இருக்குதுக்கா. எதுத்தாப்புல மாடி வீட்டுல இதே பொம்பள இப்பத்தான் கதறிக்கிட்டிருக்கா. உங்க காம்பவுண்டுல மட்டுந்தான் உட்காந்திருக்கா."

"எங்களையக் கண்டா எல்லாத்துக்கும் எளக்காரந்தான்" என்றாள் வேலாத்தாள்.

முதல் வாரம் எல்லோரும் டிவியைத் திட்டினார்கள். இரண்டாம் வாரம் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்பதுபோல ஆகிவிட்டது. டிவிக்கு முன்னால் பாத்திரத்தைத் தொம்மென்று வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், மத்தியான வெயில் கண்ணாடியில் அடித்தால் துண்டை நனைத்து மேலே போட்டார்கள், சண்டை போட்டவர்கள் வெளியே வந்து போட்டார்கள். கார்ட்டூனில் எலியும் பூனையும் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குவதைப் பார்த்தே பிள்ளைகள் அடங்கிச் சாப்பிட்டார்கள். வேலாத்தாள் ஒரு டம்ளர் மோரைத் திரைக்கு முன்னால் வைத்துவிட்டு, "குடிக்கறாங்களோ இல்லியோ, கேக்காம எப்புடி" என்றாள், சாயங்காலம் அதைத் தானே குடித்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி வந்து, எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும் தன் மாமனாருக்காக அப்படியொரு டிவி வேண்டுமென்று கேட்டு, முன்பணமாக ஒரு பூசணிக்காயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வேலையைத் தவிர.

அந்தக் காம்பவுண்டில் வேலைக்கு அளவு நாடகம்தான். ஒரு நாடகம் தொடங்கும்போது ஒரு கட்டுப் பனியனைப் பிரிப்பார்கள். மருமகள் அழுது, மாமியார் சபதம் போட்டு, கடைசி இசை ஓங்கி அடிக்கும்போது கட்டு முடிந்திருக்கும். நிமிர்ந்து கடிகாரம் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. காது நாடகத்தில் இருக்கும், கை பிசிறில் இருக்கும், மனசு இரண்டிலும் இருக்காது. இப்போது நாடகம் முடிவதே இல்லை. கடைசி இசையும் அடிப்பதில்லை. மருமகள் ஒரு கொட்டாவி விட்டால் அது திரையைத் தாண்டி வந்து பக்கத்து வீட்டு நிஷாவைத் தொற்றி, நிஷாவிடமிருந்து அவள் பக்கத்தில் இருப்பவளைத் தொற்றி, வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. பிரித்த கட்டுகள் பிரித்தபடியே கிடந்தன. வாசல்களில் பனியன் குவியல் சாக்கடை ஓரம்வரை ஏறிவிட்டது.

பிசிறு வேலையைக் கொண்டுவந்து தருகிறவன் கிட்டுசாமி. பனியன் கம்பெனிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஏஜெண்ட். வெள்ளிக்கிழமை காலையில் வந்தவன் குவியல்களைப் பார்த்து நின்றான், பிறகு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தலையை நீட்டி டிவியைப் பார்த்தான்.

"ஏனுங் அக்கா, செல்போன்ல நாடகம் பாத்தா என்னவாமா?"

"செல்ல ஒரு கையில புடிச்சா பிசிற எந்தக் கையில வெட்டறது? நீ வந்து புடிச்சுக்கிட்டு நிக்கறயா?" என்றாள் வேலாத்தாள்.

"அப்பப் புது டிவி வாங்குங்."

"வாங்கிக் குடு."

கிட்டுசாமி அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டான். நேராகத் துளசிமணி வீட்டு வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"நீங்கதானுங்களே ரிப்பேர் பண்ணுனது. நல்லாப் பண்ணிக் குடுத்துருங். திங்கக்கெழம பொழுதோட இந்தக் கட்டெல்லாம் கம்பெனில இருக்கோணும். இல்லைன்னா வேலைய ரயில்வே கேட்டு லைனுக்கு மாத்தியுட்டுருவாங்க. அப்பறம் இங்க ஒரு கட்டு வராது. நான் மெரட்டறதா நெனைக்காதீங், என்னைய மெரட்டுனத உங்ககிட்டச் சொல்றேன்."

அவன் போன பிறகும் யாரும் துளசிமணியைக் குறை சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இத்தனை வீட்டு அடுப்பும் தன் கையால் அணைந்தது என்றாகிவிடும் என்று நினைத்தாள். அவள் எதிர் வரிசை டிவி ஒன்றை இழுத்துப் போட்டுத் திறந்தாள், எல்லா ஈயத்தையும் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள், மூடினாள், போட்டாள். செய்தி வாசிக்கும் பெண் இந்தத் தடவை மேசைமேலேயே தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நிஷா உள்ளே வந்தாள். பழனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண், அதிகம் பேசமாட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"எங்கம்மா கோவமா இருக்கும்போது செஞ்ச சோறு எங்களுக்கு உறைக்கும். நீங்க இப்பப் பத்தவைக்கும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன். கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்க. அதுதான் ஈயத்தோட உள்ள எறங்குது. நீங்க தூங்கி எந்திரிச்சுப் பத்தவச்சாச் சரியாகும்."

"போ புள்ள. எனக்கென்ன களைப்பு?"

ஆனால் அதற்குள் நிஷா சொன்னது வரிசை முழுக்கப் போயிருந்தது. யாரும் அதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை, கண்டன்சர் போய்விட்டது என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். துளசிமணியைத் தூங்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருத்தி மெஸ்ஸுக்குப் போய் மாவரைக்கப் புறப்பட்டாள். ஒருத்தி ஆறுச்சாமிக்குச் சோறு கட்டினாள். ஒருத்தி அவள் தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்தாள். நிஷா வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்து, போர்த்தி, எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"தூங்கிட்டயா?"

"இல்லீங்க்கா."

"கண்ண மூடு."

"மூடித்தானுங் இருக்கறேன்."

"அடியே, அவளப் பாத்துக்கிட்டே நின்னா எப்படித் தூங்குவா? பொண்ணு பாக்க வந்தவங்களா நீங்க?" என்று வேலாத்தாள் மற்றவர்களை விரட்டினாள்.

எல்லோரும் வெளியே போனார்கள். துளசிமணி எழுந்து கட்டிலுக்கடியில் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மறுபடி படுக்கவைத்தார்கள். மறுபடி எழுந்து நிஷாவின் அடுப்பைத் துடைத்தாள். கண்ணை மூடியபோதும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் காற்றில் பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தன. தூங்குவது எப்படி என்று அவளுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது, யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

கடைசியில் வேலாத்தாள்தான் அவளைக் கைப்பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் டிவிக்கு முன்னால் பாயைப் போட்டாள். திரையில் மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். மாமியாரின் பெரிய பொட்டு அழிந்து கன்னத்துக்கு வந்திருந்தது. துளசிமணி அவர்களைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். மருமகள் பாதிக் கண்ணைத் திறந்து, இவளைப் பார்த்து, இடம் விடுகிறவளைப் போலக் கொஞ்சம் உள்ளே நகர்ந்து படுத்துக்கொண்டாள். துளசிமணியின் விரல்கள் நின்றன.

சனிக்கிழமை முழுக்க அவள் தூங்கியதை எல்லோரும் காவல் காத்தார்கள். கோலமாவுக்காரனைக் காம்பவுண்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். மீன் வண்டியை ஒலிபெருக்கி போடாமல் போகச் சொன்னார்கள். வேலாத்தாள் அவள் தலைமாட்டிலேயே, கண் கொட்டாமல், ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறுச்சாமி வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஆளே மாறிப்போச்சு, கல்யாணத்தன்னைக்குப் பாத்த மூஞ்சியாட்ட இருக்குது" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துளசிமணி விழித்தாள்.

எழுந்து உட்கார்ந்தவளுக்கு உடம்பில் இருந்த எதையோ எங்கோ வைத்துவிட்டு மறந்தது மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தாள், தண்ணீருக்கு ருசி இருந்தது. தலைமாட்டில் இருந்த வேலாத்தாளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் சுவருக்குச் சுவர் இருந்தும் அவள் பார்த்திராத ஒரு முகமாக அது இருந்தது. கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் இருந்தது, கத்திரி பிடிக்கும் கட்டைவிரலில் வளையம் பதிந்து சதை உள்ளே போயிருந்தது. வாசலுக்கு வந்தாள். காபித் தண்ணியோடு வந்த நிஷா, நின்றபடியே சுவரில் சாய்ந்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். எதிர் வரிசையில் ஒருத்தி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தவள், நிமிர முடியாமல் இடுப்பில் கைவைத்து அப்படியே நின்றாள். தானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவரையில் துளசிமணிக்கு இது எதுவும் தெரிந்ததில்லை. எல்லோரும் ஒரே நிறமாக இருக்கும் ஊரில் நிறத்துக்குப் பேர் இருக்காது, அந்த மாதிரி.

கிட்டுசாமி வந்துவிட்டான். அவனுக்கு முன்னால்தான் வேலாத்தாளின் டிவியைத் திறந்தாள். ஈயம் வெள்ளியாக உருகி, சொன்ன இடத்தில் நின்றது. மூடிப் போட்டதும் படம் வந்தது. மருமகள் கண்ணைத் திறந்தாள். தன் பாதங்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தூணைப் பிடித்து எழுந்து, கலைந்த கொசுவத்தைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழ ஆரம்பித்தாள். மாமியார் பொட்டைச் சரியாக வைத்துக்கொண்டு தாம்பாளத்தோடு வந்தாள்.

"ஆச்சு பாருங்!" கிட்டுசாமி கைதட்டினான்.

வேறு யாரும் தட்டவில்லை. "அய்யோ, எந்திரிச்சுட்டாளா" என்றாள் வேலாத்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை தானாகப் போய்க் கத்திரியை எடுத்தது, ஒரு பனியனை இழுத்தது, வெட்ட ஆரம்பித்தது. அவள் கண்ணில் தூக்கம் நின்றுகொண்டிருந்தது, கை மட்டும் ஓடியது.

"மத்த ஊட்டு டிவியெல்லாம் எடுங். ஒரே மூச்சுல முடிச்சுருங்" என்றான் கிட்டுசாமி.

துளசிமணி கிட்டுசாமியிடம் அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள்.

"ஆகாதுங்."

"ஏன் ஆகாது? இப்ப ஆச்சில்ல?"

"என்ற களைப்புன்னுதானுங் நானும் நெனச்சேன். தொறந்து பாத்தாத்தான் தெரியுது. என்ற கையிது பாதிதானுங். டிவி ஆரு ஊட்டுல இருக்குதோ அவங்க களைப்பு மீதிப் பாதி உள்ள எறங்கியிருக்குது. அவங்கவங்க தூங்கி எந்திரிக்காம நான் தொட்டா மறுக்கா உட்காந்துக்குவாங்."

கிட்டுசாமி யோசித்தான். "அப்ப வேலாத்தாக்கா டிவி மட்டும் எப்படிச் சரியாச்சு?"

துளசிமணி அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "அந்தக்கா..." என்று தொடங்கிவிட்டு நின்றாள்.

"நானுந்தான் இவகூடவே தூங்குனேன்" என்றாள் வேலாத்தாள், பிசிறிலிருந்து தலையைத் தூக்காமல். "கொறட்டை வேற உட்டேன். கேட்டுப் பாரு."

"ஆமாங்கண்ணா, தெருமுக்கு வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் நிஷா.

எதிர் வரிசையிலிருந்தும் ஆமாம் ஆமாம் என்று குரல் வந்தது. கிட்டுசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பொய் என்று அவனுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதைப் பற்றிக் காம்பவுண்டில் பிற்பாடு இரண்டு கட்சி இருந்தது. அவன் செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான். "இல்லீங் சார், இங்க ஊடு ஊடாக் காச்சலுங். ஒரு வாரம் தள்ளிக் குடுங். என்ற பேச்சுல நம்பிக்கை வைங்" என்று அவன் கெஞ்சுவது கேட்டது. திரும்பி வந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அடுத்த திங்கக்கெழம. அதுக்கு மேல நான் கால்ல உழுந்தாலும் ஆகாது. தூங்குங், போங்."

அப்படியாக, திங்கட்கிழமை பட்டப்பகலில், மாரப்பன் காம்பவுண்டின் பெண்கள் தூங்கினார்கள். ஏஜெண்டு சொல்லித் தூங்குகிறோம் என்பதால் யாருக்கும் குற்றமாக இல்லை. கதவுகளைத் திறந்துபோட்டு, பனியன் கட்டுகளையே தலைக்கு வைத்து, ஒருத்தி கால் ஒருத்திமேல் கிடக்க, டிவிக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒரே மூச்சாக நெஞ்சு ஏறி இறங்கக் கிடந்தார்கள். வேலாத்தாளின் டிவியில் மட்டும் மருமகள் அழுதுகொண்டிருந்தாள், துளசிமணி போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

பத்துமணி வாக்கில் நல்ல தண்ணீர் வந்துவிட்டது.

வாரத்துக்கு ஒரு தரம் வரும் தண்ணீர். விட்டால் அடுத்த வாரம்தான். குழாயில் காற்று இரைந்து, பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டும் ஒருத்தியும் அசையவில்லை. அந்தக் காம்பவுண்டில் விழித்திருந்த ஒரே ஆள் துளசிமணி. அவள் முதலில் தன் குடங்களைப் பிடித்தாள். பிறகு நிஷாவின் குடங்களை. பிறகு வேலாத்தாளின் தவலையை, எதிர் வரிசையின் பிளாஸ்டிக் பேரல்களை, யாருடையது என்று தெரியாத வாளிகளை. தூங்குகிறவர்களைத் தாண்டித் தாண்டி, சொட்டாமல், குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது சத்தம் வராமல், ஒவ்வொரு வீடாக நிறைத்துக்கொண்டே போனாள். தூங்கிச் சேர்த்ததெல்லாம் குடம் குடமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது. கடைசி வாளியை வைத்தபோது இடுப்பு பழைய இடத்தில் பிடித்துக்கொண்டது, தோள் கனத்தது, விரல்கள் வாளியைப் பிடித்த மடக்கிலேயே நின்றுவிட்டன. அவற்றை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். இந்தக் கை இனி இன்றைக்கு ஈயத்தைத் தொட முடியாது.

மத்தியானம் கிட்டுசாமி பைக்கில் வந்தான்.

"எத்தன டிவி ஆச்சுங்?" என்று கேட்க வாயெடுத்தவன், உள்ளே பார்த்ததும் குரலைத் தானாகத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகலீங். கை களைச்சுப்போச்சு. நான் மறுக்காத் தூங்கி எந்திரிச்சாத்தான் ஆகும். அதுக்குள்ள இவங்க எந்திரிச்சுக் களைச்சுருவாங்க. அப்பறம் மறுக்கா இவங்க தூங்கோணும்."

அவன் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பேர் பார்த்து, எடுக்காமல், அழுத்தி அணைத்தான். அவன் கண்களும் சிவந்திருந்ததைத் துளசிமணி அப்போதுதான் கவனித்தாள்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்குப் பாக்கலாங்."

கிட்டுசாமி பைக்கில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டவன், திரும்பி ஒருமுறை வீடுகளைப் பார்த்துவிட்டு, இறங்கி, வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே, ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான்.